‘ஸ்னோ ஃபால்’ எங்கே எடுபட்டது, எங்கே எடுபடவில்லை: ஒரு பல்லூடகக் கதையின் நிகழ்வு ஆய்வு

பல்லூடகக் கதைசொல்லல் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் ‘ஸ்னோ ஃபால்’ பெயரை எடுக்காமல் இருக்கமாட்டார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2012 டிசம்பர் 20 அன்று இணையத்தில் வெளியிட்ட நீண்ட செய்திக் கட்டுரை அது. பனிச்சறுக்குக்குப் போன ஒரு குழு பனிச்சரிவில் சிக்கிய கதை. எழுத்தும் வீடியோவும் அனிமேஷனும் வரைபடமும் ஒரே பக்கத்தில் கலந்து, வாசகர் ஸ்க்ரோல் செய்யச் செய்ய விரிந்தன. பார்த்தவர்கள் பிரமித்தார்கள். பிரமித்த பத்திரிகைகள் தாங்களும் ஒன்று செய்துவிட வேண்டும் என்று கிளம்பின. அப்படிக் கிளம்பியவற்றில் பெரும்பாலானவை இன்று யார் நினைவிலும் இல்லை.

ஒரே மாதிரிக் கருவிகள், ஒரே மாதிரித் தோற்றம். அப்படியிருந்தும் ஒன்று நின்றது, மற்றவை ஏன் நிற்கவில்லை? என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசகர் மனத்தில் ஒரு கேள்வி எழும் நேரம் பார்த்து, அந்தக் கேள்விக்கு யார் நன்றாக விடை சொல்வாரோ அந்த ஊடகம் வாய் திறக்க வேண்டும். ‘ஸ்னோ ஃபால்’ இதைப் பல இடங்களில் செய்தது, எல்லா இடத்திலும் அல்ல. கேள்வியே எழாத இடத்தில் வந்து நிற்கும் வீடியோ எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டிருந்தாலும் நந்தி மாதிரிக் குறுக்கே நிற்கும்.

நடந்தது என்ன

2012 பிப்ரவரி 19. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கேஸ்கேட் மலைத்தொடரில் உள்ள ஸ்டீவன்ஸ் பாஸ் பனிச்சறுக்கு மையம். புதுப் பனி கொட்டிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமை. மையத்தின் கண்காணிப்பு எல்லைக்கு வெளியே, மலையின் மறுபக்கம் இறங்கும் சரிவுக்கு டனல் க்ரீக் என்று பெயர். 16 பேர் அங்கே சறுக்கப் போனார்கள். பனிச்சரிவு ஏற்பட்டது. மூன்று பேர் இறந்தார்கள். சரிவில் இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பெண், முதுகுப்பையில் இருந்த காற்றுப்பையை விசையை இழுத்து ஊதவைத்ததால் பிழைத்தார்.

இந்தக் கதையைச் சாதாரண விபத்துச் செய்தியிலிருந்து பிரிப்பது அந்த 16 பேர் யார் என்பதுதான். விவரம் தெரியாத புதியவர்கள் அல்ல அவர்கள். தொழில்முறைச் சறுக்கு வீரர்கள், சறுக்குப் பத்திரிகையாளர்கள், அந்த மலையை உள்ளங்கை போல அறிந்த உள்ளூர்க்காரர்கள். அன்று பனிச்சரிவு அபாயம் உண்டு என்ற எச்சரிக்கையும் தெரியும். அப்படியானால் ஏன் போனார்கள்? கட்டுரை முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. பல்லூடகத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதை ஏன் இழுக்கிறேன் என்றால், கேள்வி இல்லாத பொருளை எத்தனை வீடியோ போட்டாலும் தூக்கி நிறுத்த முடியாது.

எழுதியவர் ஜான் பிராஞ்ச், அந்தப் பத்திரிகையின் விளையாட்டுச் செய்தியாளர். பிழைத்த ஒவ்வொருவரிடமும் பேசினார். இறந்தவர்களின் குடும்பங்கள், மீட்புக்குப் போனவர்கள், பனி அறிவியல் வல்லுநர்கள் ஆகியோரிடமும் பேசினார். போலீஸ் அறிக்கைகளையும் அவசர உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளையும் அலசினார். வெளியாக ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. கிராபிக்ஸ், வடிவமைப்பு, வீடியோ என்று பத்துக்கும் மேற்பட்டோர் அவரோடு உழைத்தார்கள். எழுதி முடித்த கட்டுரைக்குக் கடைசி வாரத்தில் படம் தேடும் வழக்கத்துக்கு நேர்மாறான வேலை இது. செய்தி சேகரிக்கும்போதே எந்தப் பகுதியை யார் சொல்வது என்ற பேச்சும் ஓடியிருக்கிறது.

நான்கு இடங்கள், கிட்டத்தில் பார்த்தால்

பக்கத்தைத் திறந்ததும் திரை முழுக்கப் பனி மூடிய ஒரு மலைச்சரிவு. காற்று தரையோடு தரையாகப் பனித்தூளை அடித்துக்கொண்டு போகிறது. சத்தம் இல்லை, பிளே பொத்தான் இல்லை. சில விநாடிக் காட்சி திரும்பத் திரும்ப ஓடுகிறது, அதன் மேல் தலைப்பு. இந்த வீடியோ கதையில் ஒரு தகவலும் சொல்வதில்லை. ‘எங்கே வந்திருக்கிறேன்?’ என்ற அரைக் கேள்விக்கு அரை விடை, அவ்வளவுதான். ஆனால் வாசகரிடம் அது நேரம் கேட்பதில்லை. ஒரு விநாடி பார்த்துவிட்டுக் கீழே போனாலும் இழப்பு இல்லை. ‘முதலில் என்னைப் பார், பிறகு படிக்கலாம்’ என்று வழிமறிக்கும் மூன்று நிமிட முன்னோட்ட வீடியோக்களோடு ஒப்பிட்டால் இந்த அடக்கத்தின் மதிப்பு புரியும்.

அதன் கீழே எழுத்து நேராகப் பனிச்சரிவு விபத்துக்குள் போய்விடுகிறது. முதல் பத்திகளிலேயே அந்தப் பெண்ணைப் பனி விழுங்கிவிடுகிறது. கையை அசைக்க முடியாமல் புதைந்து கிடக்கிறார். அங்கேயே அவரை விட்டுவிட்டு, கதை முந்தைய நாளுக்குத் திரும்புகிறது. நடுவில் தொடங்கிப் பின்னால் போகும் இந்த உத்தி எழுத்தைப் போலவே பழையது. இங்கே கவனிக்க வேண்டியது, இந்த இடத்தை எழுத்திடமே விட்டிருப்பதுதான். பனிக்குள் புதைந்து கிடப்பவருக்கு எதுவும் தெரியாது. மேலே எது கீழே எது என்றுகூடத் தெரியாது. அதைக் காட்டக் கேமராவுக்கு ஒன்றும் இல்லை. சொற்களுக்கு மட்டும்தான் அந்தக் குருட்டு இருட்டுக்குள் போக வழி உண்டு.

இரண்டாவது இடம், மலையின் அமைப்பு. சறுக்கு மையம் ஒரு பக்கம், டனல் க்ரீக் மறுபக்கம். லிஃப்டில் ஏறி, இறங்கி, முகடு வரை நடந்து, எல்லையைத் தாண்டி இறங்க வேண்டும். இதை எழுத்தில் எப்படி விவரித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் வாசகர் திசை தவறிவிடுவார். கிழக்கு, மேற்கு, முகடு, பள்ளம் என்று எழுதி வாசகரைக் காப்பாற்றிய எழுத்தாளர் அபூர்வம். இங்கே வாசகர் ஸ்க்ரோல் செய்து அந்த இடத்துக்கு வரும்போது, நிலத்தின் உயரத் தரவுகளிலிருந்து செய்த ஒரு முப்பரிமாண மலை திரையில் எழும்புகிறது. பறவைப் பார்வையில் அதைச் சுற்றிக்கொண்டு போய் டனல் க்ரீக்கின் மேல் நிற்கிறது. சில விநாடிகள்தான். அதற்குப் பிறகு கட்டுரை முழுவதிலும் ‘முகட்டில் நின்றார்கள்’, ‘இடப்பக்கம் ஒதுங்கினார்கள்’ என்று ஒரே வரி போதும். வாசகர் மனத்தில் மலை உட்கார்ந்துவிட்டது. ஒரு முறை காட்டியது அடுத்த ஐந்து அத்தியாயங்களுக்கு வேலை மிச்சம். கட்டுரையின் மிகச் சிறந்த பல்லூடகக் கணம் எது என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பனிச்சரிவு அனிமேஷனை நான் சொல்லமாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, ஆட்கள். 16 பெயர்களை யாராலும் நினைவில் வைக்க முடியாது. நாவலாசிரியர் இதற்கு ஐம்பது பக்கம் எடுத்துக்கொள்வார். இங்கே பெயர் வரும் வரிக்குப் பக்கத்திலேயே அவர் படம் சின்னதாக நிற்கிறது. தட்டினால் அவர் வாழ்க்கையிலிருந்து சில புகைப்படங்கள். தட்டாவிட்டாலும் முகம் பதிந்துவிடுகிறது. இந்தப் ‘பார்த்தால் பார், இல்லாவிட்டால் போ’ ஏற்பாடு பெரிய புண்ணியம். ஒரே குறை, இந்தப் படங்களோடு நடுநடுவே வரும் பேட்டி வீடியோக்கள் கதையின் முடிவைச் சிறிது கசியவிடுகின்றன. ஒருவர் கேமராவைப் பார்த்து அன்று நடந்ததைச் சொல்கிறார் என்றால் அவர் பிழைத்துவிட்டார் என்று அர்த்தம். யார் செத்தார், யார் பிழைத்தார் என்ற மர்மத்தை நம்பி எழுதப்பட்ட கதையாக இருந்தால் பேட்டி வீடியோக்களே அதைக் கொன்றிருக்கும். ‘ஏன் போனார்கள்’ என்பதை நம்பியதால் இந்தக் கதை தப்பியது.

நான்காவது, பனிச்சரிவு. சுவிட்சர்லாந்தின் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளின் துணையோடு செய்த கணினி உருவகம் அது. மலை முகம் தெரிகிறது, உச்சியில் ஓர் இடம் பிளக்கிறது, வெள்ளை கீழே இறங்குகிறது. நடிகர்களை வைத்து எடுத்த மறுநடிப்போ அலறலோ இல்லை. எழுத்து இந்தச் சில விநாடிகளைப் பத்தி பத்தியாக நீட்டுகிறது. ஒவ்வொருவரும் எங்கே நின்றார், எதைக் கேட்டார், எந்த மரத்தைப் பிடித்தார் என்று. அப்படி நீட்டும்போது வாசகருக்கு ஓர் எரிச்சல் வரும்: இவ்வளவு நேரம் இருந்ததே, விலகியிருக்கக் கூடாதா? அனிமேஷன் அந்த எண்ணத்தை உடைக்கிறது. அதன் வேகத்தைப் பார்த்த பிறகு விலகுவது பற்றிய கேள்வியே எழாது. எழுத்து நேரத்தை விரித்தது, அனிமேஷன் அதன் உண்மை அளவைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது பொய்யாகியிருக்கும்.

படம் பிடிக்க முடியாத மையம்

இத்தனைக்கும் கட்டுரையின் உயிர் நிற்கும் இடத்தில் எந்த ஊடக வித்தையும் இல்லை. முகட்டில் கூடி நின்றபோது அந்தக் குழுவில் சிலருக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்தது. கூட்டம் பெரிது, பனி புதிது, இது சரியில்லை என்று. யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. இத்தனை அனுபவசாலிகள் இருக்கிறார்கள், நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையை எப்படிப் படம் பிடிப்பது? அனிமேஷன் செய்ய முடியாது. வரைபடத்தில் புள்ளி வைக்க முடியாது. பிழைத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் மாதக்கணக்கில் பேசி, ஒருவர் நினைத்ததை இன்னொருவர் நினைத்ததோடு சேர்த்து வைத்தால்தான் அந்த மௌனம் தெரியவரும். அதைச் செய்தது எழுத்து. இங்கே இடையில் ஒரு வீடியோ வந்திருந்தால் கெட்டிருக்கும். வரவில்லை. 2013இல் இந்தக் கட்டுரைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது சிறப்புக் கட்டுரை எழுத்துக்கான பிரிவில். பல்லூடகக் கூறுகளை லாவகமாக இணைத்ததைப் பரிசுக் குறிப்பு பாராட்டியது உண்மை. ஆனாலும் அதன் முதல் பாராட்டு கதைசொல்லலுக்கே.

எண்கள் சொன்னதும் மறைத்ததும்

முதல் ஆறு நாளில் 29 லட்சம் வருகைகள், 35 லட்சம் பக்கப் பார்வைகள் என்று பத்திரிகையின் அன்றைய நிர்வாக ஆசிரியர் ஜில் ஏப்ரம்சன் ஊழியர்களுக்கு எழுதினார். உச்சத்தில் ஒரே நேரத்தில் 22,000 பேர் பக்கத்தில் இருந்தார்கள். வந்தவர்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அந்தத் தளத்துக்கே புதியவர்கள். சராசரியாக ஒருவர் 12 நிமிடம் செலவிட்டதாகவும் செய்தி வந்தது.

12 நிமிடம் என்றதும் கைதட்டினார்கள். இணையச் செய்திப் பக்கத்துக்கு அது பெரிய எண்தான். ஆனால் கட்டுரை பத்தாயிரம் சொற்களைத் தாண்டியது. நிதானமாகப் படிப்பவருக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும், வீடியோக்கள் தனி. அப்படியானால் சராசரி வாசகர் கதையின் கால்வாசியைத் தாண்டும்போது கிளம்பியிருக்கிறார். சராசரி என்பதே ஏமாற்றும் எண் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அரை நிமிடத்தில் ஓடியவரும் முழுதும் படித்தவரும் ஒரே கணக்கில் சேருகிறார்கள். பலர் படிக்க வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தார்கள் என்பது அப்போதே எழுந்த விமர்சனம். அதில் நியாயம் இருக்கிறது. எழுத்தில் ஆழ்ந்திருப்பவரை அசையும் ஒன்று வெளியே இழுக்கும். திரும்பி வரும்போது விட்ட வரி எங்கே என்று தேட வேண்டும். ‘ஸ்னோ ஃபால்’ பெரும்பாலும் பத்தி முடிவில் ஊடகத்தை வைத்து இதைச் சமாளித்தது. பேட்டி வீடியோக்களில் சில அப்படி அமையவில்லை. எழுத்து ஏற்கெனவே சொல்லிவிட்டதையே அவை மறுபடி சொல்கின்றன. குரலின் நடுக்கம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று வாதாடலாம். எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை.

ஒரு மணி நேர நகல்

2013இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்க்ரோல் கிட் என்ற இணைய வடிவமைப்புக் கருவியை உருவாக்கியவர்கள், தங்கள் கருவியைக் கொண்டு ‘ஸ்னோ ஃபால்’ பக்கத்தை ஒரு மணி நேரத்தில் நகலெடுத்துக் காட்டிவிட்டதாக விளம்பரம் செய்தார்கள். பத்திரிகையின் வழக்கறிஞர்கள் நோட்டீஸ் விட்டார்கள், நகல் இறங்கியது. மறு ஆண்டு அந்தக் கருவியை, வேர்ட்பிரஸ் என்ற இணையதளச் சேவையை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

சட்டச் சண்டையை விடுங்கள். ஆறு மாதம் உழைத்ததன் தோற்றத்தை ஒரு மணி நேரத்தில் எடுக்க முடிந்தது என்றால், ஆறு மாதமும் தோற்றத்துக்குச் செலவாகவில்லை என்றுதான் ஆகிறது. நகலெடுக்க முடியாமல் போனது வரிசை: எந்தக் கேள்விக்குப் பிறகு எந்த விடை, எங்கே எழுத்து ஒதுங்குகிறது, எங்கே படம் ஒதுங்குகிறது என்பது. பின்னால் வந்த பல கட்டுரைகள் முழுத்திரைப் படம், தானாக ஓடும் வீடியோ, ஸ்க்ரோலுக்கு அசையும் பின்னணி என்று தோற்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. பேட்டிக் கட்டுரைக்கும் அதுவே, நிறுவன ஆண்டறிக்கைக்கும் அதுவே. மலையே இல்லாத கதைக்கு மலை மேல் பறக்கும் காட்சி.

சுவையான துணுக்கு ஏன் கெடுக்கும் என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றும் உண்டு. கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரும் ஷானன் ஹார்ப்பும் 1990களின் பிற்பகுதியில் மாணவர்களுக்கு மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குப் பாடம் மட்டும். இன்னொரு குழுவுக்கு மின்னல் தாக்கியவர்கள் பற்றிய பரபரப்பான துணுக்குகளும் படங்களும் நடுநடுவே. துணுக்குகள் சேர்ந்த பாடத்தைப் படித்தவர்களுக்கு மின்னல் உருவாகும் விதம் குறைவாகவே நினைவில் நின்றது. அதைக் கொண்டு புதிய கேள்விகளுக்கு விடை சொல்வதிலும் பின்தங்கினார்கள். சுவாரசியம் கூடியது, புரிதல் குறைந்தது. அசையும் படத்தோடு பேசும் குரலையே அப்படியே திரையில் எழுத்தாகவும் ஓடவிட்டால் புரிதல் கெடுகிறது என்பதையும் மேயரின் பிற ஆய்வுகள் காட்டின. செய்திக் கதை வகுப்பறைப் பாடம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனம் என்ற சரக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான், கையிருப்பும் அதே அளவுதான்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு

2013 மே மாதம் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை ‘ஃபயர்ஸ்டார்ம்’ என்ற பல்லூடகக் கதையை வெளியிட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் டனாலி ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது, ஒரு தாத்தா பாட்டியும் ஐந்து பேரக்குழந்தைகளும் படகுத்துறைப் பலகைக்கு அடியில் தண்ணீரில் நின்று உயிர் தப்பிய கதை. தாத்தா எடுத்த ஒரு புகைப்படம் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. சுற்றிலும் ஆரஞ்சு நிறப் புகை, கழுத்தளவு தண்ணீரில் பிள்ளைகள்.

கார்டியன் வேறு வழியில் போனது. எழுத்தைக் குறுக்கி, திரை முழுக்க ஓடும் காட்சியின் மேல் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக மிதக்கவிட்டது. பின்னணியில் இடத்தின் ஒலி. ‘ஸ்னோ ஃபால்’ எழுத்துக்குள் ஊடகத்தைச் செருகியது என்றால் இது ஊடகத்துக்குள் எழுத்தைச் செருகியது. பொருளுக்கு அது பொருந்தியது. அங்கே மையக் கேள்வி ‘ஏன்?’ என்பது கிடையாது. ‘அந்தத் தண்ணீருக்குள் நின்றது எப்படி இருந்தது?’ என்பதுதான். அதற்கு ஒலியும் நிறமும் சொல்லும் விடையை நீண்ட பத்திகள் சொல்லிவிடாது. ஆகவே எழுத்து நீளமாக இருக்க வேண்டுமா, குறைவாக இருக்க வேண்டுமா என்று பொதுவில் கேட்பதில் பொருளே இல்லை.

இன்னொன்று கதையே அல்ல. 2013 டிசம்பர் 21 அன்று நியூயார்க் டைம்ஸ் ஒரு வினாடிவினாவைப் போட்டது. அன்றாடப் பொருள்களை நீங்கள் என்ன சொல்லி அழைப்பீர்கள் என்று 25 கேள்விகள். விடைகளை வைத்து, அமெரிக்காவின் எந்தப் பகுதிக்காரர் பேச்சு உங்கள் பேச்சை ஒத்தது என்று வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டும். செய்தவர் ஜோஷ் காட்ஸ் என்ற புள்ளியியல் மாணவர். ஆண்டு முடியப் பதினோரு நாளே இருந்த நிலையில் வந்த அந்த வினாடிவினா, பத்திரிகைத் தளத்தில் அந்த ஆண்டு முழுவதிலும் அதிகம் பார்க்கப்பட்ட பக்கமாகிவிட்டது. வீடியோ இல்லை, வானில் பறக்கும் காட்சி இல்லை. தன் ஊரைக் கண்டுபிடித்துவிடுகிறதா பார்ப்போம் என்ற ஆவல் மட்டும் இருந்தது. கேள்வியை வாசகரே கொண்டுவந்தார், விடையில் அவரே இருந்தார்.

பத்திரிகைக்குள்ளேயே இது உறைத்தது. 2014இல் கசிந்த அதன் உள் ஆய்வறிக்கை, ஒரு முறை மட்டும் செய்யும் பெரிய படைப்புகளில் உழைப்பைக் கொட்டிவிட்டு, மறுபடி மறுபடி பயன்படும் கருவிகளையும் டெம்ப்ளேட்டுகளையும் கவனிக்காமல் விடுகிறோம் என்று சுட்டியது. ‘ஸ்னோ ஃபால்’ ஒன்று கிடைப்பதைவிட அதைக் கட்டும் கருவி கிடைப்பதே மேல் என்று வெளி ஊடக ஆசிரியர் ஒருவர் சொன்ன கருத்தும் அதில் இருந்தது. இதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. கருவி இருந்தால் வேகம் வரும், சரி. ஆனால் கருவி கையில் இருக்கும்போது எல்லாக் கதைக்கும் அதையே மாட்டும் ஆசையும் வரும். மேலே சொன்ன மலையில்லா மலைக்காட்சிகள் அந்த ஆசையில் பிறந்தவைதான்.

பொத்தானை யாரும் தொடுவதில்லை

வாசகரை ஈடுபடுத்துவது என்றால் அவரை எதையாவது தட்டவைப்பது என்று ஒரு நம்பிக்கை பல காலம் இருந்தது. தட்டு, இழு, சுழற்று, தேர்ந்தெடு. அதே பத்திரிகையின் கிராபிக்ஸ் துறையைச் சேர்ந்த ஆர்ச்சி ட்சே 2016இல் ஒரு கருத்தரங்கில் இந்த நம்பிக்கையைப் போட்டு உடைத்தார். வாசகர் ஸ்க்ரோல் செய்வார், அவ்வளவுதான். அதற்கு மேல் எதையாவது செய்யச் சொன்னால் அதற்குப் பலனாகப் பிரமாதமான ஒன்று நடந்தாக வேண்டும். கர்சரை மேலே கொண்டுபோனால்தான் தெரியும் என்று எதையாவது ஒளித்துவைத்தால், அதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமானது என்றால் வெளியே வையுங்கள். எல்லாத் திரையிலும் ஓடும்படி செய்வதற்குச் செலவு அதிகம் என்பதையும் மறக்காதீர்கள். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

‘ஸ்னோ ஃபால்’ வந்து நாலாண்டுக்குள் அதே பத்திரிகையிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தது கவனிக்கத்தக்கது. அந்தக் கட்டுரையைத் திரும்பப் பார்த்தால் இதன் விதை அதிலேயே இருக்கிறது. கதையைப் புரிந்துகொள்ள வாசகர் தட்டியே ஆக வேண்டியது என்று அதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மலை தானாக எழும்புகிறது. முகம் தானாக நிற்கிறது. தட்டினால் கிடைப்பவை கூடுதல் சுவை மட்டும். நகலெடுத்தவர்கள் கவனிக்காத இன்னொரு விஷயம் இது.

திரையும் மாறிவிட்டது. 2012இல் அகலமான கணினித் திரையை மனத்தில் வைத்துச் செய்த கட்டுரை அது. இன்று உள்ளங்கைத் திரை. அகலமான மலைக்காட்சி அதில் ஒரு கீற்றாகச் சுருங்கிவிடும், பத்திக்குப் பக்கத்தில் முகம் வைக்க இடமே இருக்காது. ஒலியை நம்பிய கதைகளுக்கு இன்னும் சிக்கல். 2018 ஏப்ரல் முதல் குரோம் பிரவுசர், சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோக்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. பேருந்தில், அலுவலகத்தில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் படிப்பவருக்கு ஒலி எப்படியும் கேட்கப்போவதில்லை. ஒலியில் மட்டும் ஒரு தகவலை வைப்பது அதைத் தொலைப்பதற்குச் சமம். தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் அசையும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை நெறிகள் சொல்கின்றன. அசைவைப் பார்த்தால் தலைசுற்றுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் வாசகர்களே.

ஆயுள் என்று ஒரு விஷயமும் உண்டு. 2012க்கு முந்தைய பல்லூடகக் கதைகளில் பெரும்பகுதி, அசையும் படங்களை இணையத்தில் ஓட்டிய ஃப்ளாஷ் என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை. அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது, அடுத்த மாதமே ஃப்ளாஷ் பிளேயர் அந்தக் கோப்புகளை ஓட்ட மறுத்தது. ஒரு தலைமுறையின் உழைப்பு பிரவுசரில் திறக்காத கோப்பாகிவிட்டது. ‘ஸ்னோ ஃபால்’ சாதாரண இணையப் பக்கமாகவே, எழுத்தை முதுகெலும்பாக வைத்துக் கட்டப்பட்டதால் அந்தக் கதிக்கு ஆளாகவில்லை. 2012 டிசம்பர் 23 ஞாயிறு இதழில் அதே கதை காகிதத்திலும் வந்தது. வீடியோ ஒன்றுகூட இல்லாமல், வரைபடங்களும் புகைப்படங்களும் எழுத்துமாக நின்றது.

இப்படி ஒரு கதையைத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ஒரு வேலைதான். கதையை முதலில் வெறும் எழுத்தில், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, முழுதாக எழுதிவிடுங்கள். விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் கேள்வி எழும் வரியில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். ‘இது எங்கே இருக்கிறது?’ என்று எழுதினால் அங்கே வரைபடம். ‘யார் இவர்?’ என்றால் முகம். ‘அவ்வளவு வேகமா?’ என்றால் அசையும் படம். ‘உண்மையாகவே அப்படிச் சொன்னாரா?’ என்றால் குரல். ‘ஏன்?’ என்று எழுதினால் இன்னும் நாலு பேரிடம் பேசிவிட்டு வந்து எழுதுங்கள். கோடே விழாத பக்கத்துக்கு நீங்கள் எடுத்து வைத்திருக்கும் ட்ரோன் காட்சி எவ்வளவு அருமையாக இருந்தாலும் அது கணினியிலேயே இருக்கட்டும்.